தண்ணீர் ஊற்றியும் இறங்காத காய்ச்சல்

கொரோனா வந்துபோன பிறகு, ஊசி போட்ட பிள்ளைகளில்கூடச் சிலருக்குச் சில வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வந்து உடம்பே கொதிக்கிறது என்று கிளினிக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கும் எட்டு வயதில் அப்படி வந்திருக்கிறது.

சம்பா நடவின்போது லேசாகக் காய்ச்சல் வந்து போனது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. களையெடுப்பு தொடங்கியபோது மறுபடி காய்ச்சல். கண் சிவந்து, உதடு வெடித்து, உடம்பெல்லாம் தடித்தது. அம்மைதான் என்று அத்தை முடிவு கட்டி, வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. நெல் மூட்டை அடுக்கிய அறையில், வேப்பிலைமேல் நான் தனியாகக் கிடந்தேன். அப்பா கதவோரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடியும் ஊற்றினார்கள்.

“தட்டம்மைக்குத்தான் கைக்குழந்தையிலேயே ஊசி போட்டாச்சேங்க,” என்றாள் அம்மா அப்பாவிடம்.

“ஊசி போட்ட வீட்டுக்கு வரமாட்டேன்னு ஆத்தா எழுதிக் குடுத்திருக்காளா?” என்றாள் அத்தை. “வந்தவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா இந்தக் குடும்பம் வெளங்குமா?”

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அத்தை குளிக்கப் போன நேரம், அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினாள்.

டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். “இதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?”

“நடவு சமயத்துல வந்துச்சுங்க. அது அப்பவே சரியாப்போச்சே.”

“அது போனது தெரியாம உடம்பு இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்கு. இது அம்மை இல்லம்மா. விட்டா இதயத்தைப் பிடிச்சிடும்.”

வார்டில் மற்றக் கட்டில்களுக்குத் தூக்குவாளியோடு ஆட்கள் வந்தார்கள். எங்களுக்கு யாரும் வரவில்லை. “களையெடுப்பு நடக்குதுல்ல,” என்பாள் அம்மா. விரல் நுனியில் உரிந்த தோலைக் கிள்ளிக்கொண்டே நான் வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காய்ச்சல் விட்டு ஊர் திரும்பிய அன்று, அம்மா தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். எங்கள் வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பா.

“நீ முன்னால நட,” என்றாள் அம்மா. என்னை முன்னால் தள்ளிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

எப்போதும் அவள் பின்னாலேயே ஒண்டிக்கொண்டு போகிறவள் நான். வளர்ந்துவிட்டேன், அதனால்தான் முன்னால் விடுகிறாள் என்று நினைத்து, கையை வீசிக்கொண்டு நடந்தேன்.