கேஸ் முடியும்வரை திரும்பாத கழுத்து

வலி மூன்றாம் நாள் காலையில்தான் வந்தது. பல் தேய்க்கக் குனிந்த என்னால் நிமிர முடியவில்லை.

நடந்ததை விபத்து என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் அருகே, நின்றிருந்த என் ஸ்கூட்டரைப் பின்னால் வந்த கார் லேசாக இடித்தது. விழுந்தேன்; முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கார்க்காரர் எங்களிடம் நெல் எடுக்கும் வியாபாரி. அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வாசலில் கெஞ்சினார்.

"போலீஸ், கேஸுன்னா ரெண்டு பேருக்கும் பேஜார்மா. தானா விழுந்தேன்னு சொல்லிடு. செலவு நான் பாத்துக்கறேன்."

தெரிந்தவர் ஆயிற்றே. அப்படியே சொன்னேன். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். வலி வந்தபின் வியாபாரி போனை எடுக்கவில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர் இது விப்லாஷ் (தலை சட்டென ஆடியதில் கழுத்துத் தசைகள் இழுபடுவது) என்றார். இரண்டு வாரம் காலர் (கழுத்தை அசையவிடாத பட்டை), பிறகு பயிற்சி. சீக்கிரம் சரியாகிவிடுமாம். அன்றே யூடியூபில் எல்லாப் பயிற்சிகளையும் பார்த்து முடித்துவிட்டேன்.

தாமதமாகப் புகார் கொடுத்து, இழப்பீடு கேட்டு வழக்கும் போட்டோம். வக்கீல் ஆஸ்பத்திரிக் குறிப்பைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"இன்னாம்மா இது, உன் வாயாலயே கேஸை முடிச்சிக்கினு வந்துகீற! இனிமே கழுத்துதான் சாட்சி. போர்டுக்குப் போற வரைக்கும் காலரைக் கழட்டாத."

மருத்துவ போர்டு (ஊனத்தின் அளவைச் சான்றளிக்கும் டாக்டர்கள் குழு) இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு வாரம் ஐந்து மாதமானது. பயிற்சியை விட்டேன். ஒரகடத்தில் கிடைத்த வேலையிலும் சேரவில்லை; சேர்ந்தால் வலி இல்லை என்று ஆகிவிடுமாம்.

"அந்த வியாபாரியோட ஆளு எவனாச்சும் போட்டோ எடுத்துடப் போறான்டி, போட்டுக்கோ" என்பாள் அம்மா.

"குளிக்கிறப்பகூடவா?"

"குளிச்சிட்டுப் போட்டுக்கோ."

போர்டில் ஒரு டாக்டரம்மா காலரைக் கழற்றி, இடது பக்கம் திரும்பச் சொன்னார். கொஞ்சம் நடிக்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தோடுதான் போயிருந்தேன். கழுத்து பாதியிலேயே தானாக நின்றது. முழு பலத்தோடு திருப்பிப் பார்த்தேன். வரவில்லை.

"எக்சர்சைஸ் பண்ணலையாம்மா?"

கழற்றிய காலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், முதல் டாக்டரிடமே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். கேஸுக்காகக் குணமாவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்று மாலையே பயிற்சியைத் தொடங்கினேன். வழக்கு இன்னும் வாய்தா வாய்தாவாக நகர்கிறது. கழுத்து விரற்கடை விரற்கடையாக. என் நாட்கள் இரண்டுக்கும் நடுவே கிடக்கின்றன.

இன்று காலை கழுத்தைத் திருப்பியபோது என் இடது தோள் கண்ணில் பட்டது. கத்திக்கொண்டே ஓடி அம்மாவிடம் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. உடனே என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாடி. வெளிய கேக்கப் போவுது."