வடக்கு ஜன்னலில் ஒரு பவளம்

என் மனைவி மண்டபத்துக்காரி. கடலைப் பார்த்து வளர்ந்தவளைக் கட்டிக்கொண்டு வந்து, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளிக் குடி வைத்தேன். வந்த அன்றே காற்றை மோந்து பார்த்துவிட்டு, "இந்த வாடை எப்பப் போகும்?" என்று கேட்டாள். பல வருஷம் ஆகியும் அது போகவில்லை. ஊருக்கே போய்விடுகிறேன் என்பதை அவள் கோபமாகச் சொன்னதில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் சொல்வாள். எனக்குப் பயமே அதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், அவள் அண்ணன் வந்தார். கையில் கழுவிய மண்ணெண்ணெய் டின், அதற்குள் கடல் தண்ணீர், தண்ணீருக்குள் உயிருள்ள பவளம் ஒன்று. காற்றுப் படட்டும் என்று வழியெல்லாம் டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றியபடி வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் காலியாக ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் நான் வளர்த்த தங்கமீன்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

"வெளிச்சம்தான் மாப்ள முக்கியம். கடல்ல இது வெயில் படுற எடத்துலதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு மறுநாளே அவர் கிளம்பிவிட்டார்.

பவளம் சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது பாசி பிடித்த கல்லைப்போல் இருந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், நுனியில் மட்டும் ஊதா. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாள், "மோதிரத்துக்கு எத்தினி தேறும்?" என்று கேட்டுப் போனாள். ஆனால் பொழுது சாய்ந்ததும் அந்தக் கல்லின் மேலெல்லாம் சின்னச் சின்ன விரல்கள் நீண்டு அசைந்தன. மனைவி அடுப்பை மறந்து தொட்டியின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

"இது உசுரோட இருந்துட்டா நானும் இங்கயே இருந்துக்கிர்றேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தோல் ஷாப்பில் தரம் பிரிப்பவன். பதனிட்ட தோலை வெயிலில் போட்டால் சிவந்து கறுத்துப் போகும், விலையும் போகும். அதனால் நிழலில்தான் காயவைப்போம், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் நிறம் பார்ப்போம். என்னோடு வேலை பார்த்த பாய் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், முற்றத்தில் தொட்டியைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"இன்னா சார், வெயில்ல வெச்சிருக்கீங்க? நெறம் பூடும். வடக்கு ஜன்னலாண்ட வைங்க."

"மச்சான் வெயில்தான் வேணும்னாரே, பாய்."

"அவரு மீன் புடிக்கிறவரு சார். கலரப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?"

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வேடிக்கை என்னவென்றால் மனைவியிடமும் இல்லை. "ஆமா, வெயில்ல சாயம் போயிருமே" என்றாள். கடலில் பிறந்தவளுக்கு எங்கள் தோல் புத்தி எப்போது ஒட்டியது என்று தெரியவில்லை.

வடக்கு ஜன்னலில் பவளம் வெளிற ஆரம்பித்தது. ஊதா முதலில் போயிற்று. அறுபது வாட் பல்பு ஒன்றைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டேன். பகலில் ஷாப்பில் தோலைப் புரட்டும் மோட்டார் ட்ரம்கள் சுழன்றால் ஊரிலுள்ள பல்பெல்லாம் பீடி நெருப்பாகச் சுருங்கும். சாயங்காலம் ட்ரம்கள் நின்றதும் அதே பல்பு ஜொலித்து, தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்துவிடும். பிறகு கடைத்தெருவில் டியூப் லைட் வாங்கினேன். "கல்யாண வீட்டுக்கு வாங்கினு போற லைட்டு சார் இது" என்றான் கடைக்காரன். போட்டதும் பவளம் பளிச்சென்று நீலம் பாரித்தது. இருவரும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தோம். மறுநாள் சவரம் பண்ணும்போது என் முகமும் அந்த விளக்கில் அழகாக இருப்பதைக் கண்டு விஷயம் புரிந்தது.

கடைசியில் மச்சான் சொன்னபடியே வெயிலுக்குக் கொண்டுபோனோம். அதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கடல் சேர்த்தி இல்லை. உச்சிப் பொழுதில் தொட்டிக்குள் விட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். மனைவி ஈரச் சாக்கைச் சுற்றினாள், விசிறினாள். அன்று பொழுது சாய்ந்தபோது விரல்கள் நீளவில்லை. மறுநாளும் நீளவில்லை. அந்த வாரத்துக்குள் பவளம் முழுக்க வெளுத்துவிட்டது.

பாய் வந்து பார்த்தார். "இன்னா சார், சுண்ணாம்புக் குழியிலேர்ந்து எடுத்த மாதிரி கீது."

எங்கள் ஷாப்பில் தோல் முதலில் இறங்குவது அந்தக் குழியில்தான்.

"எங்க ஊர்ல செத்த பவளத்தச் சுட்டுத்தான் சுண்ணாம்பே எடுப்பாங்க" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊரும் என் ஊரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வெளுத்த கல்லை வடக்கு ஜன்னலிலேயே வைத்தாள். அதன்பிறகு ஊருக்குப் போவதைப் பற்றி அவள் பேசவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பேச மாட்டாளா என்று காத்திருந்தேன்.

ஆடியில் அவள் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "என்ன தாயி, பவளம் எப்புடி இருக்கு?" என்றார்.

"இருக்குண்ணே. இந்த ஊருக்குப் பழகிருச்சு" என்று சொல்லிவிட்டு அவள் காபி போட உள்ளே போனாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய், பட்டப்பகலில் பவளத்துக்கு மேலிருந்த டியூப் லைட்டைப் போட்டேன்.