புது பிரேக்

அப்பா விட்டுப்போன பழைய காரைத் தம்பி பந்தயத்தில் ஓட்டுவான். மெக்கானிக்கான அண்ணனுக்கோ அதன் பாழாய்ப்போன டிரம் பிரேக்கின் மேல் துளியும் நம்பிக்கை இல்லை. இரண்டு தடவை ஓங்கி மிதித்தால்தான் அது மனசு வைக்கும். தம்பியிடம் மல்லுக்கட்டி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டினான்.

“இனிமே லேசா மிதிச்சாப் போதும்டா.”

“சரிண்ணே, சரி. எத்தனை வாட்டி சொல்லுவ?”

தலைக்கு ஏறியது காலுக்கு இறங்கவில்லை. அடுத்த பந்தயத்தின் முதல் வளைவிலேயே தம்பி பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தான். முன்சக்கரங்கள் அப்படியே இறுகிப்போக, கார் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதியது.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் அண்ணனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

“பிரேக் பிடிக்கலையாப்பா?”

“பிடிச்சுதுய்யா,” என்கிறான். “நான் மாட்டினதாச்சே.”