கீழே நிற்கிற ஆள்

அரியலூர் பிரவுசிங் சென்டரில் நான் கம்ப்யூட்டர் கேம் விளையாடும்போது, பக்கத்துக் கட்டடத்தில் சாரம் கட்டுகிறவர் சாப்பாட்டு நேரத்தில் வந்து பின்னால் நிற்பார். தோளில் எப்போதும் ஒரு சுருள் கயிறு. திரையில் வீரன் சுவரில் ஓடி, தூணுக்குத் தூண் தாவும்போதெல்லாம் என் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

"கேம் எப்படிண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தாவறது அருமை தம்பி. கால் வைக்கிற எடம் அச்சு அசலா இருக்கு. திரும்பறப்பதான் படம் சுத்திக்கிட்டு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. சண்டையும் ஒரே மாதிரி." கொஞ்சம் யோசித்தார். "அவ்ளோ ஒசரம் ஏறறான், கீழ ஒரு ஆளு நிக்கலையே? கம்பப் புடிச்சிக்க ஆள் நிக்காம நாங்க ஏற மாட்டோம்."

நாற்காலியை ஏன் பிடிக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு வாரமாக நான் விழுந்துகொண்டிருந்த கடைசிக் கோபுரத்தை, அவர் கை பின்னால் இருக்க, அன்று ஏறி முடித்தேன்.

மாலையில் நான் சென்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, கூட்டாளி வராததால் அவர் சாரத்தடியில் சும்மா நின்றிருந்தார்.

"ஏறுங்கண்ணே, நான் நிக்கிறேன்."

கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு ஏறினார். நான் சாரத்தின் சவுக்குக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.