மகளை ரிஜெக்ட் செய்த மாலை

மூக்கண்டப்பள்ளியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்க ஏஐ கேமரா வைத்திருக்கிறார்கள். சில சமயம் நல்ல பாகத்தையும் கெட்டதென்று, ரிஜெக்ட் ஆனவை கிடக்கும் சிவப்புப் பெட்டியில் தள்ளிவிடும். நான் சிரித்துக்கொண்டே எடுத்துத் திரும்ப வைப்பேன். தரச் சோதனையிலேயே தலை நரைத்தவள் நான்.

அங்கே நடந்த ஒரு கூட்டத்தில், பிள்ளைகளின் குரலை ஏஐ மூலம் அப்படியே போலியாகச் செய்து பெற்றோரிடம் பணம் பறிக்கிறார்கள் என்று ஓர் ஒலிப்பதிவைப் போட்டார்கள். போனில் பேசுவது நிஜமாகவே நம் ஆள்தானா என்று சோதிக்க, அன்றே எங்கள் வீட்டில் ரகசிய வார்த்தை அமலுக்கு வந்தது.

கல்லூரி முகாமுக்காக அஞ்செட்டிப் பக்கம் போயிருந்த மகள், ஒரு மாலை தெரியாத எண்ணிலிருந்து அழுதாள்.

“அம்மா, கடைசி பஸ்ஸ விட்டுட்டேன். இந்த நம்பருக்குக் காசு போடும்மா, ஜீப்புல வந்துடறேன்.”

கூட்டத்தில் கேட்ட அதே அழுகை. வார்த்தையைக் கேட்டேன்.

“மாம்பழம்!”

“அது பழசு. மாத்திட்டேன். குரூப்புல போட்டனே?”

“என் போன் தண்ணில விழுந்துடுச்சும்மா!”

பதற்றத்தில் வேலைப் பழக்கம் தலைதூக்கியது. ஒரு பாகம் கெட்டால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு மூலக் காரணத்தைப் பிடிப்போம். ஏன் விழுந்தது? ஓடையில் இறங்கினாளாம். ஏன் இறங்கினாள்? செல்ஃபி. மூன்றாவது ‘ஏன்’னுக்கு, “நீயெல்லாம் ஒரு அம்மாவா?” என்றது குரல். மெஷினை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஓர் ஆண்குரல் வந்தது. “யம்மா, டீக்கடைக்காரன் பேசறேன். பொண்ணு அழுவுது.”

“நீங்களும் மெஷினா?”

“ஆமாம்மா. டீ போடற மெஷினு.”

வைத்துவிட்டேன்.

அந்த மனிதர்தான் அவளைப் பால் வண்டியில் தேன்கனிக்கோட்டை வரை ஏற்றிவிட்டிருக்கிறார். அங்கிருந்து இலவச டவுன் பஸ். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:

“மெஷினை நம்பியிருந்தா காசுதாம்மா போயிருக்கும். என்னை நம்பாம விட்டியே, நான் போயிருந்தா?”

கெட்டது ஒன்று வெளியே போவதைவிட, நல்லது ஒன்று சிவப்புப் பெட்டியில் கிடப்பது மேல் என்பது எங்கள் தொழிற்சாலை விதி. அதை விழுங்கிக்கொண்டு அவளுக்குச் சோறு போட்டேன்.

இப்போது யார் அழைத்தாலும் முதலில், “எங்க இருக்க? சாப்பிட்டியா?” என்றுதான் கேட்கிறேன். சந்தேகமெல்லாம் அப்புறம். நேற்று கிரெடிட் கார்டு விற்க அழைத்த ஒரு பெண்குரலிடமும் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“மிக நல்ல கேள்வி, மேடம்” என்றது.

அது மெஷின் என்று தெரிந்த பிறகும் போனை வைக்கக் கை வரவில்லை.