வாங்கியவர்கள் மட்டுமே பதில் எழுதலாம்

என் கணவர் அஸ்ஸாமுக்கு மாற்றலாகிப் போன வருடம்தான் நான் கைபேசியில் துணி வாங்கத் தொடங்கினேன். மின்கோபுரங்கள் அமைக்கும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அவருக்கு வேலை. இரண்டு வருடத்துக்கு மலையடிவாரத்தில் ஒரு பணித்தளம் என்றார்கள். குடும்பத்தோடு தங்க வசதி கிடையாது. மகள் அதற்கு முந்தின வருடமே ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தில்லி துவாரகாவில் நான்காவது மாடி வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன்.

தில்லிக்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன. பழக்கத்துக்கு ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் குடியிருப்பிலேயே ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகள் ஒரே பள்ளிப் பேருந்தில் போன காலத்தில், பேருந்து கிளம்பிய பிறகும் கேட்டருகே நின்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். பிள்ளைகள் வளர்ந்து திசைக்கொன்றாகப் போனபின் கேட்டருகே நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. லிஃப்டில் எதிர்ப்பட்டால் “சாப்பிட்டாச்சா” என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் தளம் வந்துவிடும்.

தையல் மெஷின் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. மகளின் பள்ளி மாறுவேடப் போட்டிக்காக வாங்கியது. உறையைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டபோது முதலில் முரண்டு பிடித்தது, பிறகு ஓடியது. வீட்டில் இருந்த பழைய சேலைகளில் தலையணை உறைகள் தைத்தேன். அவை தீர்ந்ததும் துணி வாங்க மெட்ரோ ஏறி கரோல்பாகுக்குப் போனேன். கடைக்காரர் துணிச் சுருள்களை விரித்துப் போட்டுக்கொண்டே, யாருக்கு, எத்தனை மீட்டர் என்று இந்தியில் கேட்டார். அவர் கேட்டது வெட்ட வேண்டிய அளவைத் தெரிந்துகொள்ளத்தான். யாருக்கு என்பதற்கு, வீட்டில் நான் மட்டும்தான் என்று சொல்லப் பிடிக்கவில்லை. பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதன்பின் கடைக்குப் போகவில்லை.

கைபேசியில் அந்தக் கேள்வி இல்லை. ஆனால் வேறு தொல்லைகள் இருந்தன. கருநீலம் என்று படத்தில் பார்த்து வாங்கிய காட்டன், கழுவிய சிலேட்டின் நிறத்தில் வந்து சேர்ந்தது. இன்னொன்று விளக்குக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் இருக்கும் ஸ்விட்ச் தெரிந்தது. மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். விற்பவர் போடும் படத்தை நம்பாமல், வாங்கியவர்கள் வீட்டில் எடுத்துப் போடும் படங்களைப் பார்க்க வேண்டும். அந்தப் படங்களில் துணியோடு சேர்ந்து அவர்கள் வீடும் தெரியும். கட்டில் விளிம்பு, சுவரில் குழந்தை கிறுக்கிய கோடு, துணியைப் பிடித்திருக்கும் யாரோ ஒருவரின் பெருவிரல். வாங்கப் போவதில்லை என்று முடிவான துணிக்குக்கூடக் கடைசிப் படம் வரை பார்ப்பேன்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரே தடவையில் வாங்கக்கூடியதை இரண்டாகப் பிரித்து, திங்கட்கிழமை இரண்டு மீட்டரும் வியாழக்கிழமை ஒரு மீட்டருமாக ஆர்டர் செய்வேன். பார்சல் வந்தால் கேட்டிலிருந்து காவலர் இன்டர்காமில் கூப்பிடுவார். “மேடம்ஜி, பார்சல் ஆயா ஹை” என்பார். “பேஜ் தோ பையா” என்பேன், மேலே அனுப்பச் சொல்லி. சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அந்த மூன்று வார்த்தைதான்.

நவம்பரில் ஒரு காலை. வெளியே புகைமூட்டம், ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தேன். கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நீங்கள் வாங்கிய துணியைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார், உங்களால் உதவ முடியுமா என்று இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய, மல் என்கிற மெல்லிய காட்டன் அது; வெளிர் பச்சையில் சின்னச் சின்ன இலைகள் அச்சிட்டது. கேள்வி இந்தியில், ஆங்கில எழுத்தில் இருந்தது. இந்தியில் வினைச்சொல்லே பேசுவது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். எழுதியது ஒரு பெண். மழைக்காலத்திலிருந்து என் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், முதுகுத் தோல் உரிகிறது, இந்தத் துணியில் நைட்டி தைத்தால் உறுத்துமா என்று கேட்டிருந்தார்.

அந்த மின்னஞ்சல் எனக்கு மட்டும் வந்தது என்று நினைத்தேன். மாலையில் மகளிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். “அம்மா, அது வாங்கின எல்லாருக்கும் ஆட்டோமேட்டிக்கா போகும்மா” என்றாள். பார்த்தால் ஏற்கெனவே இரண்டு பதில்கள் இருந்தன. விற்பவர், நல்ல தரமான துணி மேடம் என்று எழுதியிருந்தார். வாங்கிய ஒருவர், எனக்குத் தெரியாது, பார்சலை இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் மதுரையில் ஆஸ்பத்திரியில் என் அம்மாவைப் பார்க்கப் போனேன். மூன்று நாள் இருந்தேன். இரண்டாம் நாள் நர்ஸ் அம்மாவுக்கு உடை மாற்ற வந்தார். கையைத் தூக்க முடியவில்லை. தலைவழியாகக் கழற்ற வழியில்லை. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து நைட்டியைக் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டினார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு இன்னும் பத்துப் படுக்கைகள் இருந்தன. அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டார். நான் தில்லி திரும்பிய ஒன்பதாம் நாள் தகவல் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு நீளமாகப் பதில் எழுதினேன். இரண்டு முறை துவைத்துவிட்டுத் தையுங்கள், மெத்தென்று ஆகிவிடும். முன்பக்கம் திறப்பு வைக்காதீர்கள், பின்பக்கம் முழுக்கத் திறந்து வையுங்கள். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் படியட்டும். அப்போது அவரைத் தூக்காமலே முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகிவிடலாம். நாடாவைத் தோளில் வைத்துக் கட்டுங்கள். முதுகில் முடிச்சு இருந்தால் அழுத்தும். கடைசியில், கத்தரிக்கோல் வைக்க வேண்டி வராது என்று சேர்த்தேன். அது அவருக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை.

நான்காம் நாள் அதே பக்கத்தில் அடுத்த கேள்வி வந்தது. பின்பக்கம் திறந்திருந்தால் குளிராதா, எங்கள் ஊரில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டது என்று. உள்ளே ஃபிளானல் துணியில் ஒரு பட்டை கொடுங்கள் என்றேன். அடுத்த வாரம், கழுத்து கோணிப்போய்விட்டது, பிரிக்கட்டுமா என்று கேட்டார். பிரிக்க வேண்டாம், மல் துணி தாங்காது, அகலமாக ஒரு பட்டி வைத்து மூடிவிடுங்கள் என்றேன். நேரடியாகச் செய்தி அனுப்ப அந்த விற்பனை இணையதளத்தில் வழியில்லை. ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் என்று மட்டும் இருந்தது. என் பெயரும் அப்படித்தான். காலையில் காபி போட்டதும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான் என்றாகிவிட்டது.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் பக்கத்தைத் திறந்தால், இந்தப் பொருள் இப்போது இல்லை என்று வந்தது. துணியோடு கேள்விகளும் பதில்களும் போய்விட்டன. பார்சலோடு வந்த பில்லில் கடையின் எண் இருந்தது. கூப்பிட்டேன். ராஜஸ்தானிலிருந்து ஒருவர் பேசினார், பொறுமையானவர். அந்த டிசைன் நின்றுவிட்டது, வேறு எது வேண்டும் என்றார். துணி வேண்டாம், அதில் கேள்வி கேட்ட அம்மா யார் என்று தெரிய வேண்டும் என்றேன்.  அந்த விவரமெல்லாம் எங்களுக்கே வராது பெஹன்ஜி என்றார். அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், அவர்களிடம் இருக்கும் மற்ற மல் துணிகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி முழுக்க வெயிலைப் பார்க்கவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரைச்சீலைகள் தைத்தேன். பிப்ரவரி தொடக்கத்தில், வேறு வேலை இல்லாமல், அந்தக் கடையின் துணிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே அச்சிடாத, பால்நிற மல் காட்டன் ஒன்றின் கீழே இப்படி இருந்தது: “முன்பு இருந்த பச்சை இலைத் துணியும் இதுவும் ஒன்றா? நைட்டி தைக்கச் சொல்லிக்கொடுத்த சகோதரி இதைப் பார்த்தால், இரண்டு தைத்தேன். அம்மா பதினோரு நாள் அதையே மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். போகும்போதும் அதில்தான் இருந்தார். கத்தரிக்கோல் வைக்கவேயில்லை.”

கீழே விற்பவரின் பதில்: ஆமாம் மேடம், அதே தரம்.

கேள்வி கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. பதில் எழுதும் இடத்தைத் தொட்டேன். இந்தப் பொருளை வாங்கியவர்கள் மட்டுமே பதில் எழுதலாம் என்று வந்தது. உடனே ஒரு மீட்டர் ஆர்டர் செய்தேன். ஐந்து நாளில் வரும் என்று காட்டியது. பனிமூட்டத்தால் வண்டிகள் தாமதமாகி எட்டு நாள் ஆயிற்று. எட்டாம் நாள் இன்டர்காமுக்குக் காத்திராமல் கீழே இறங்கிப் போய் கேட்டருகே நின்றேன். காவலர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். “குச் ஜரூரி ஹை கியா, மேடம்ஜி?” என்று கேட்டார். ஆமாம், அவசரமானதுதான் என்றேன்.

மேலே வந்து பார்சலைப் பிரிக்காமலே எழுத உட்கார்ந்தேன். உங்கள் அம்மாவை நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், என் அம்மாவுக்கு நான் அப்படி ஒன்று தைத்துக் கொடுக்கவில்லை, உங்கள் கேள்விகள் எனக்குப் பெரிய துணையாக இருந்தன என்று எழுதினேன். இந்தியில் எனக்குப் பிழைகள் வரும். இரண்டு முறை திருத்தினேன். பதில் பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. மறுநாள், உங்கள் பதில் பொருளைப் பற்றியதாக இல்லாததால் வெளியிட இயலாது என்று வந்தது.

அன்று பகல் முழுக்க எனக்குக் கோபமாக இருந்தது. சோறு வடிக்கவில்லை. அழுதேன் என்றும் சொல்லலாம். பிறகு பார்சலைப் பிரித்துத் துணியை எடுத்துப் பார்த்தேன். விரலால் தேய்த்தேன். கரையில் நூல் இழுத்துப் பார்த்தேன். அதே துணிதான். மறுபடி எழுத உட்கார்ந்தபோது துணியைப் பற்றி மட்டும் எழுதினேன். “ஆமாம், இதுவும் அதுவும் ஒரே துணிதான். துவைக்கத் துவைக்க மென்மையாகும். படுத்திருப்பவர் உடம்பை உறுத்தாது. இந்தத் துணியில் தன் அம்மாவுக்குத் தைத்துப் போட்டவர் சரியான துணியைத்தான் எடுத்திருக்கிறார், சரியாகத்தான் தைத்திருக்கிறார்.” மறுநாள் காலை அது வெளியாகியிருந்தது.

அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அங்கே ஒரு கேள்விதான் வந்தது. யாரோ ஒருவர், இது குர்தா தைக்க ஆகுமா என்று கேட்டிருந்தார். ஆகும், உள்ளே லைனிங் வேண்டும் என்று எழுதினேன்.

கணவர் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூப்பிடுவார். அங்கே சிக்னல் சரியாக இருக்காது. சாப்பாடு, மருந்து, மெயின்டனன்ஸ் கட்டியாயிற்றா என்பதோடு மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். பதில் வெளியான அன்று நானாகவே இதை முழுக்கச் சொன்னேன். நடுவில் அவர் குறுக்கிடவில்லை. கடைசியில், “அந்தம்மா எந்த ஊருன்னு தெரியுமா?” என்றார்.

“தெரியாது. குளிர்ற ஊரு. அவ்வளவுதான்.”

“அது என்ன கத்தரிக்கோல்?”

அப்போதுதான் அவருக்கும் அது தெரியாது என்று எனக்கு உறைத்தது. மதுரையில் நடந்ததைச் சொன்னேன். நர்ஸ், அம்மாவின் கை, சுவர். 

“ஆறு வருஷமாச்சு. நீ சொல்லவே இல்லையே” என்றார்.

“நீங்க கேக்கல” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. நான் மதுரையிலிருந்து திரும்பி வந்த அந்த வாரம் அவருக்கு ஆடிட் நடந்துகொண்டிருந்தது. விமான நிலையத்துக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார், பரவாயில்லை என்று சொன்னேன். அதோடு இருவரும் விட்டுவிட்டோம். இந்த வீட்டில் அவர் இருந்தபோதும் பல நாட்கள் அப்படித்தான் போயின என்பதை, அவர் இல்லாத இந்த ஒன்றரை வருடத்தில்தான் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“இருக்கேன்” என்றார். “வெளிய வந்து நிக்கிறேன், இங்கதான் நல்லா கேக்குது. அந்த மூணு நாளும் என்ன நடந்துச்சுன்னு மொதல்லருந்து சொல்லு.”

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மெஷின் மேல் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விமானம் தாமதமானதிலிருந்து ஆரம்பித்தேன்.