உயில் எழுதாத ஹாரன் அக்கா

அம்மா பள்ளி வேன் ஓட்டினாள். பிள்ளை வாசலில் தயாராக நிற்காவிட்டால் தெருவே எழும்படி ஹாரன் அடிப்பாள். அதனால் ஹாரன் அக்கா. கணவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபின், ஆஸ்பத்திரியில் யாரோ போட்டுவிட்டுப் போன என்னை எடுத்து வளர்த்தாள்.

அதே வருடம் கீழ்வீட்டுத் தையல்காரரும் ஒரு பையனைத் தத்தெடுத்தார். அவர் வேறு மதம். அவர்கள் சட்டப்படி அவன் மகன். எங்கள் மதச் சட்டத்தில் தத்து கிடையாது. அம்மா எனக்கு வெறும் காப்பாளர்; அதுவும் பதினெட்டு வயதுவரை. அதன்பின் நான் அவளுக்கு யாருமில்லை. ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, இரண்டு சட்டம்.

"பேசாம எல்லாரும் எங்க சட்டத்துக்கே வந்துடுங்களேன்" என்பார் தையல்காரர்.

"உங்க உடம்புக்குத் தச்ச சட்டைய எனக்கு மாட்டாதீங்கண்ணே. எல்லாருக்கும் புதுசா அளவெடுங்க, மொத ஆளா வந்து நிக்கிறேன்" என்பாள் அம்மா.

இதைக் கேட்டு மாமா, அம்மாவின் அண்ணன், குதித்தார். "நம்ம சட்டத்துல எவனும் கை வைக்கக் கூடாது!"

"வைக்க வேணாம். அதுல எம்பொண்ணு எங்க இருக்கான்னு மட்டும் காட்டுண்ணே."

மாமா டீ கேட்டார்.

நான் மின் பொறியாளர். ஒரு இணைப்பு அறுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்று படித்தவள். வீட்டை உயில் எழுதிவை என்று கெஞ்சினேன்.

"உயில் அந்நியருக்குத்தான்டி எழுதணும். உனக்கு எழுதினா, நீ எம்பொண்ணு இல்லைன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும்."

"சட்டம் அப்படித்தாம்மா சொல்லுது."

"சொல்லிட்டுப் போகட்டும். நீ சாப்பிடு."

போன மாதம், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டபின், ஸ்டியரிங்கில் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

துவைத்த அவள் துணி இன்னும் கொடியில் கிடந்தது. மாமா வீட்டுச் சாவி கேட்டார். சட்டப்படி அவர்தான் வாரிசு. "நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதாம்மா. வேற எடம் கிடைக்கிற வரைக்கும் இருந்துக்க."

"மாதிரி வேணாம் மாமா. சாவியும் கிடையாது."

தையல்காரர் மகனிடம் இப்படி யாரும் சாவி கேட்க முடியாது. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. தங்கள் சட்டத்தின் பெருமையைக் காக்க என் தாயை என்னிடமிருந்து பறித்தவர்கள்மேல் கோபம். அம்மாமேலும்தான். எழுதித் தொலைத்திருக்கலாம்.

"நீங்கதான் வாரிசுன்னு கேஸ் போட்டா தோத்துடுவோம்மா" என்றார் வக்கீல்.

"போடுங்க சார்."

மனுவில் அம்மாவை 'வளர்த்தவர்' என்று போட்டிருந்தார். அடித்துவிட்டுத் 'தாய்' என்று எழுதினேன்.

"கோர்ட்டுல திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். மறுபடியும் இதையேதான் எழுதுவேன்."